ஆயாசம் என்றால் என்ன, டாக்டரம்மா?

1

இந்த ஜூன் மாதத்தோடு நான் வெளிநாடு வந்து பன்னிரண்டு வருடம் முடிகிறது. வெளிநாடு என்று நான் சொல்வது திருப்பதியை. கோவில்பட்டியில் இருக்கும் என் தம்பி ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும், "யக்கா, எப்ப இந்தியாவுக்கு வாரீக?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொள்வான். சிரிக்கட்டும். சொந்த மொழியில் பஸ் போர்டு படிக்க முடியாத ஊர் எனக்கு வெளிநாடுதான். அதற்கு விமானம் ஏற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே வேண்டுமென்றாலும் ரேணிகுண்டாவில் விமான நிலையம் இருக்கிறது.

கணவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்ததால் வந்தோம். அவர் காலையில் கம்பெனி பஸ் ஏறித் தடாப் பக்கம் போய்விடுவார். நான் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு எட்டுப் பேராக மாணவர்கள் வார்டுக்கு வருவார்கள். சில வாரம் எங்கள் குழந்தைகளிடம் உதை வாங்கிவிட்டு வேறு துறைக்குப் போவார்கள். உதை என்பது அலங்காரத்துக்குச் சொன்னது இல்லை. இரண்டு வயதுக் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போனவர்களுக்கு அது தெரியும்.

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறவர்களுக்குப் பனிப்பொழிவு இருக்கிறது. எனக்கு மொட்டைத் தலைகள் இருக்கின்றன. உலகத்தில் வேறெந்த ஊர் மாணவர்களுக்கும் குழந்தைகளின் உச்சிக்குழியை இவ்வளவு சுலபமாகப் பார்க்கும் வசதி கிடையாது என்று அடித்துச் சொல்வேன். மலையிலிருந்து இறங்கி, காய்ச்சல் என்று நேராக எங்களிடம் வரும் பிள்ளைகளின் தலையில் இன்னும் சந்தனம் காய்ந்திருக்காது.

அமெரிக்காக்காரர்களுக்கு இல்லாத தொல்லை ஒன்றும் எனக்கு உண்டு. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருடத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தே தீருவார்கள். வந்ததும் என்னைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள். "ஆஸ்பத்திரியில யாரையாவது பிடிச்சு சீக்கிரத் தரிசனத்துக்குச் சொல்லக் கூடாதா?" என்றுதான் கேட்பார்கள். வயிற்றுப்போக்குக் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டருக்குப் பெருமாளிடம் தனிச் செல்வாக்கு இருப்பதாக எங்கள் குடும்பத்தில் பலமான நம்பிக்கை.

பன்னிரண்டு வருடக் கதையை எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். போன மாதம் நடந்த ஒரு விஷயம் குறுக்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

2

முதலில் என் தெலுங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வந்த புதிதில் ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து, "பாபுக்கி ஆயாசங்கா உந்தி மேடம்" என்றாள். ஆயாசம் நமக்குத் தெரிந்த சொல்தானே! களைப்பு, அலுப்பு. தெரிந்த சொல் ஒன்று கிடைத்த சந்தோஷத்தில், "பயணக் களைப்பாக இருக்கும், நன்றாகத் தூங்க வையுங்கள்" என்று எனக்கு வந்த தெலுங்கில் சொன்னேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் ஒரு கணம் என்னையே பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார். தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சு வாங்குவது. நல்ல வேளையாக சிஸ்டருக்குத் தெலுங்கும் தெரியும், மருத்துவமும் தெரியும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம். "தாய் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் அர்த்தத்தை எழுதாதீர்கள்" என்று முடிப்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் அடக்கத்தோடு சிரிப்பேன். தன் முட்டாள்தனத்தைத் தானே சொல்கிறவர்கள் பெரியவர்கள் என்று உலகம் நம்புகிறதல்லவா, அந்த நம்பிக்கையை நான் நன்றாகவே பயன்படுத்தி வந்தேன்.

மாணவர்களும் எனக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் குழந்தையைக் கூட்டி வந்தது. இதயத்தில் துளை. அதை விளக்கும் பொறுப்பை ஒரு விஜயவாடாப் பையனிடம் விட்டேன். தெலுங்கில் குண்டெ என்றால் இதயம். அவன் மிகுந்த பரிவோடு, "அம்மா, மீ பாப குண்டெலோ ஓட்டை இருக்கு" என்றான். கடைசி இரண்டு வார்த்தையையும் அந்த அம்மாளுக்காகவே தமிழில் கற்று வைத்திருந்தான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது எல்லாருக்கும் இருக்கறதுதான தம்பி?" என்றாள். நான் திரும்பி, சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைக் கொஞ்ச நேரம் படிக்க வேண்டியிருந்தது.

எனக்கு அவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது போன மாதம் வரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

3

என் மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தேன். ழகரத்தில் பெயர் வைத்துவிட்டு ஆந்திராவுக்குக் குடிவந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதியிருந்ததை ஒரு அலுவலகத்தில் "யஜ்ஹினி" என்று தெலுங்கில் ஏற்றினார்கள். திருத்தக் கொடுத்தபோது "யளினி" ஆயிற்று. மூன்றாவது தடவை போனபோது அந்த எழுத்தர், "மேடம், ஈ அட்சரம் எலா பலகாலி?" என்று, எப்படி உச்சரிக்க வேண்டும் எனக் கேட்டார். நான் நாக்கை மடித்து "ழ" என்று காட்டினேன். அவர் முயன்றார். பக்கத்து மேஜைக்காரர் முயன்றார். வரிசையில் நின்ற ஒரு பெரியவரும் முயன்றார். பத்து நிமிடம் அந்த அலுவலகமே நாக்கை மடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எழுத்தர் பெருமூச்சு விட்டு, "லட்சுமி என்று வைத்திருக்கலாமே" என்றார். இப்போது ஒரு சான்றிதழில் அவள் யஜ்ஹினி, இன்னொன்றில் யளினி. இரண்டும் ஒருத்தியே என்பதற்கு மூன்றாவதாக ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறோம்.

அவளுக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. அவளே தன்னை யாளினி என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். மனக்கணக்குத் தெலுங்கில் போடுகிறாள், தூக்கத்தில் தெலுங்கில் சண்டை போடுகிறாள். பள்ளியிலிருந்து வந்ததும் "அம்மா, எனக்குப் பசி போடுது" என்பாள். தெலுங்கில் பசியும் பயமும் போடத்தான் செய்யும். "பசிக்குது என்று சொல்" என்று திருத்துவேன். "சரி, பசிக்குது. ஆனா ரொம்பப் போடுது" என்பாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் வழியில், "நீ மட்டும் தெலுங்கு பேசாதம்மா, நான் பேசிக்கிறேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொள்வாள்.

இப்படி வீட்டில் ஒருத்தியைத் திருத்திப் பழகியதாலோ என்னவோ, வெளியிலும் தமிழ் பேசுகிறவர்களைக் கண்டால் திருத்தும் வியாதி எனக்கு வந்துவிட்டது. நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

4

ரேவதி கடைசி வருட மாணவி. புத்தூருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கம் இருக்கிற தமிழர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்கு ஒரு தட்டு சோற்றால்தான் தெரிய வந்தது. வார்டில் சாப்பிட அடம்பிடித்த ஒரு குழந்தையிடம் அவள் குனிந்து, "துன்னு கண்ணு, ஒரு வாய் துன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் அந்த வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கியிருக்கலாம். அடக்காமல், அத்தனை பேர் முன்னாலும், எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை அதட்டிக் கூப்பிடுகிற மாதிரி, "ஏட்டி, அது என்ன மாடா? சாப்பிடுன்னு சொல்லு" என்றேன்.

தமிழ் தெரியாத ஏழு பேரும் மேடம் சிரிக்கிறார் என்பதற்காகச் சிரித்தார்கள். ரேவதியும் சிரித்தாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. இங்கிலீஷில் கேட்பாள், தெலுங்கில் பதில் சொல்வாள். நான் தமிழில் பேசினாலும் தெலுங்கில்தான் பதில் வரும். ஊரில் பாதி நாள் தமிழ் காதில் விழாமல் தவிக்கிற எனக்கு, கையருகே கிடைத்த ஒருத்தியின் வாயை நானே அடைத்தேன் என்பது கூட உறைக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய மதிப்பீட்டுத் தாளிலும் "பேசத் தயங்குகிறார்" என்று என் கையாலேயே எழுதினேன்.

5

அன்று செவ்வாய்க்கிழமை. வெளிநோயாளிகள் பகுதியில் கூட்டம் நெரிந்தது. எட்டு மாணவர்களும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். சத்தியவேடு பக்கத்துக் கிராமத்திலிருந்து அமுலு என்று ஒரு இளம் தாய், இரண்டரை வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தையை வீட்டில் புஜ்ஜி என்று கூப்பிடுவார்கள். பழைய சீட்டைப் பார்த்தேன். ரத்தசோகை. இரண்டு மாதம் முன்பு நானே இரும்புச்சத்து மருந்து எழுதியிருக்கிறேன்.

"ரெண்டு நாளா ஆயாசமா கீது டாக்டரம்மா" என்றாள் அமுலு. "ஆடிக்கினே இருக்கிற புள்ள, அப்டியே குந்திக்கினு கீது. சோறும் துன்னல."

தமிழ்! காலையிலிருந்து தெலுங்கில் நாக்கு சுளுக்கியிருந்த எனக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. சிரமப்பட்டுக் கேட்கவோ, மனசுக்குள் மொழிபெயர்க்கவோ அவசியம் இல்லை. சாய்ந்து உட்கார்ந்தேன்.

"மருந்து ஒழுங்காக் குடுத்தீங்களாம்மா?"

"பாதி பாட்டிலு குடுத்தோம். அப்பறம் வூட்ல மறந்துட்டோம்."

"சளி, இருமல் உண்டா?"

"ரெண்டு நாளு முன்ன இருமிச்சு. இப்ப அவ்ளோ இல்ல."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்ததும் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. எனக்குக் கேட்டதெல்லாம் அந்த அழுகைதான். வரிசை வாசல் வரை நின்றது. "சீக்கிரம் களைத்துப்போகிறாள்" என்று இங்கிலீஷில் எழுதினேன். மாணவர்களைப் பார்த்து, "பாருங்கள், ரத்தசோகைக் குழந்தை எப்படி இருக்கும் என்று. புத்தகத்தில் போட்டது போல இருக்கிறது" என்றும் சொன்னேன். மருந்தின் அளவைக் கூட்டினேன். பயிற்சிக்காக முழு விவரமும் கேட்டு எழுதும்படி அமுலுவையும் குழந்தையையும் ரேவதியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

இருபது நிமிடம் கழித்து ரேவதி வந்து நின்றாள். நான் ஒரு பாட்டியோடு தெலுங்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"மேடம், தட் சைல்ட்..."

"எழுதியாச்சா? வச்சுட்டுப் போ."

போகவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேடம், ஆயாசம்..." என்று இழுத்தாள்.

"ஆமா, நான்தான் எழுதிட்டேனே, களைப்புன்னு."

அவள் முகம் சிவந்தது. பிறகு ஒரே மூச்சில், சில வாரமாக என்னிடம் பேசாத அந்தத் தமிழில் சொன்னாள்.

"மேடம், எங்க ஊருல ஆயாசம்னா களைப்பு இல்ல மேடம். மூச்சு வாங்கறது. நாங்க தமிழ் பேசிக்கினே தெலுங்கு வார்த்தையும் சேத்துப் பேசுவோம் மேடம். அந்தப் புள்ளைக்கு மூச்சு வாங்கிக்கினு கீது. எண்ணிப் பாத்தேன். நிமிசத்துக்கு அம்பத்தி நாலு."

அந்த வயதுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேர்க்கடல துன்னும்போது பொரை ஏறியிருக்குது மேடம். அங்கேர்ந்துதான் இப்டி. சோத்துக்கைப் பக்க நெஞ்சுல எனக்குச் சத்தமே கேக்கல. எனக்குத்தான் சரியாக் கேக்கத் தெரியலையான்னு ரெண்டு தபா வச்சுப் பாத்தேன்."

எழுந்து ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து வரிசையே திரும்பியது.

6

தாழ்வாரப் பெஞ்சில் குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அழாத குழந்தையை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்து இழுத்து விட்டது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இடது பக்கம் காற்று போய் வந்தது. வலது பக்கம் அநேகமாக ஒன்றுமே இல்லை.

கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவள் நான். கடலைக்கு வாய் திறக்கிற பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்தவள்.

"என்ன நடந்துச்சும்மா ஞாயித்துக்கிழமை?" என்று அமுலுவைக் கேட்டேன்.

"அவங்க நைனா வேர்க்கடல துன்னுக்கினு இருந்தாரு. ஒண்ண மேல தூக்கிப் போட்டு வாயில புடிப்பாரு. அத்தப் பாத்து இதுவும் சிரிச்சுக்கினே வாயில போட்டுக்கிச்சு. ஒரே இருமலு. மூஞ்சி கறுத்துப் பூட்ச்சு. முதுவுல தட்னோம், சரியாப் பூட்ச்சு."

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அமுலு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கேக்கலியே டாக்டரம்மா. இந்தப் பொண்ணு கேட்டுச்சு, சொன்னேன்."

ரேவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அமுலுவின் பையிலிருந்து ஒரு பன் பாக்கெட் எட்டிப் பார்த்தது. மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். "புள்ளைக்கு ஏதாவது குடுத்தீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒண்ணும் குடுக்காதீங்கக்கான்னு இந்தப் பொண்ணு அப்பவே சொல்லிட்சு" என்றாள்.

வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அது அடைத்த பக்கத்து நுரையீரல் காற்றை வெளியே விட முடியாமல் ஊதிப்போயிருப்பதுதான் தெரியும். புஜ்ஜியின் வலது நுரையீரல் பலூன் போல இருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரையும் மயக்க மருந்து டாக்டரையும் கூப்பிட்டேன். பகல் இரண்டு மணிக்குத் தியேட்டர் தயாரானது.

தியேட்டர் வாசலில் தள்ளுவண்டி திரும்பியபோது குழந்தைக்கு இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. உதடு நீலமாயிற்று. உள்ளே சிக்கியிருந்தது கிளம்பி மேலே வந்து இரண்டு பக்கத்துக்கும் பொதுவான குழாயை அடைத்துவிட்டது. மயக்க மருந்து டாக்டர் வண்டியை ஒரே தள்ளாக உள்ளே தள்ளினார். கதவு மூடியது. அமுலு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ரேவதி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே போயிருக்கலாம், எனக்கு உரிமை உண்டு. வாசலிலேயே நின்றேன்.

பன்னிரண்டு வருடமாக ஒரு கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதே வார்த்தை, அதே அர்த்தத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அமுலு தெலுங்கில் சொல்லியிருந்தால் நூற்றுக்கு நூறு பிடித்திருப்பேன். தமிழில் சொன்னதால் கோட்டை விட்டேன். ரேவதி இன்னும் கொஞ்சம் பயந்திருந்தால், மேடம் மறுபடி சிரிப்பார் என்று தாளை வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை அன்று அந்த வாசலில் நின்று முழுவதும் நினைத்துப் பார்த்தேன். எழுத மாட்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். உள்ளே பாதி வேர்க்கடலைப் பருப்பு, ஊறிப் பெருத்துக் கிடந்தது. "பாப பாகுந்தி" என்றார். குழந்தை நன்றாக இருக்கிறாள். எனக்குத் தெரிந்த தெலுங்கிலேயே நல்ல வாக்கியம் அதுதான்.

அமுலு குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இவ்ளோண்டுதானா?" என்றாள். பிறகு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன், அந்தாளு மூஞ்சிக்கு நேரா காட்றதுக்கு" என்றாள்.

7

புஜ்ஜி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனாள். போகும்போது டாட்டா காட்டச் சொன்னார்கள். காட்டவில்லை. நான் பரிசோதிக்கக் குனிந்தபோது வயிற்றில் ஒரு உதை விட்டாள். நல்ல பலம். மூச்சுத் திணறும் குழந்தையால் அப்படி உதைக்க முடியாது என்று குறிப்பில் எழுதினேன்.

அன்று ரேவதியை கேன்டீனுக்குக் கூட்டிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்து, "உன் தமிழைப் பார்த்துச் சிரிச்சேன். தப்பு. மன்னிச்சுக்கோ" என்றேன். பேராசிரியர்கள் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாததால், இருமல் மருந்து குடிக்கச் சொல்கிற தொனியில்தான் வந்தது.

அவள் டம்ளரைக் கையில் சுற்றினாள். "எங்க நைனாகிட்ட சொன்னேன் மேடம் அப்பவே. அவருக்குத்தான் கோவம் வந்துச்சு. 'உங்க மேடம் பேசறதுதான் தமிழா, நாம பேசறது என்னா இங்கிலீஷா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"மேடம் பேசறதும் எங்களுக்குச் சிரிப்பாதான் கீதுன்னு சொன்னேன்." அவள் வாயை மூடிக்கொண்டாள். கண் சிரித்தது. "நீங்க கோவம் வந்தா 'ஏட்டி'ம்பீங்கல்ல மேடம், தெலுங்குப் பசங்களுக்கு அது 'ஏன்ட்டி'ன்னு கேக்குது. என்னாதுன்னு நீங்க கேள்வி கேக்கறதா நெனச்சுக்கினு எல்லாரும் பதில் தேடுவாங்க. உங்களுக்கு 'ஏட்டி மேடம்'னுதான் பேரு. நாலு பேட்ச்சா இருக்குது."

நாலு கூட்டம் மாணவர்கள்! எனக்கு உடனே கோபம் வந்தது. வாயில் வந்த முதல் வார்த்தை எது என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து மேஜையில் இருந்த மூன்று பெண்கள் சடாரென்று திரும்பி, பதில் தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

அவளுடைய மதிப்பீட்டுத் தாளை எடுத்து "பேசத் தயங்குகிறார்" என்பதை அடித்தேன். அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று யோசித்து, "தயங்கினாலும் பேசுகிறார்" என்று எழுதினேன்.

எங்கள் துறையில் மாதம் ஒரு கூட்டம் நடக்கும். தவறிப்போன, தவறவிருந்த கேஸ்களை எல்லோர் முன்னாலும் வைத்து அலசுவார்கள். வழக்கமாக மேற்படிப்பு மாணவர்கள்தான் பேசுவார்கள். இந்தக் கேஸை ரேவதி சொல்லட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவள் பயந்தாள். "உங்க பேரை எப்டி மேடம் சொல்றது?" என்றாள். "பேர் சொல்ல வேண்டாம், சீனியர் டாக்டர் என்று சொல்" என்றேன். நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நன்றாகப் பேசினாள். எண்ணிய மூச்சு, கேட்காத சத்தம், எக்ஸ்ரே, குப்பி எல்லாம் வரிசையாக வந்தன. "தாய் சொன்னதை சீனியர் டாக்டர் தவறாகப் புரிந்துகொண்டார்" என்று இங்கிலீஷில் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

எங்கள் துறைத் தலைவர் தெனாலிப் பக்கத்துக்காரர், ஓய்வு பெறப்போகிறவர், எதையும் ஃபாரத்தில் ஏற்றாமல் விடமாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். "யார் அந்த சீனியர் டாக்டர்?"

நான் எழுந்து நின்றேன். பின் வரிசையில் யாரோ "ஏட்டி மேடம்" என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது.

தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து உட்காரச் சொன்னார். பிறகு ஃபாரத்தைப் புரட்டி, காரணம் என்ற கட்டத்துக்கு வந்து பேனாவைத் திறந்தார். "காரணம் ஏமிட்டம்மா? கூட்டமா? நேரம் இல்லையா? மொழி தெரியாததா?"

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே, சொல்லு என்றேன்.

"மேடம்கி தமிளு பாகா வச்சு சார்" என்றாள். மேடமுக்குத் தமிழ் நன்றாக வரும்.

தலைவர் விளங்காமல் அவளையே பார்த்தார். "அது நல்லதுதானே அம்மா. தப்பு எப்படி நடந்தது?"

"அதனாலதான் சார்."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. முதலில் சிரித்தது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. சொன்னதை அப்படியே ஃபாரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.